வெள்ளைத் தொப்பி அணிந்த மூதாட்டி: வான்கோவின் தொடக்ககால ஓவியங்களில் உழைக்கும் முதுமை

முன்னுரை

ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில் சிறிய எண்ணெய்வண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 50 செ.மீ., அகலம் 40 செ.மீ. வெள்ளைத் தொப்பியும் கருநிற உடையும் அணிந்த ஒரு மூதாட்டியின் தலையும் தோளும் மட்டுமே அதில் உள்ளன. வின்சென்ட் வான்கோ 1885 டிசம்பரில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் இதை வரைந்தார். அப்போது அவருக்கு வயது 32. ஓவியர் ஆவதென்று முடிவெடுத்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்த ஓவியத்துக்கு 'மருத்துவச்சி' என்ற பெயரும் வழங்கி வந்திருக்கிறது.

சூரியகாந்திகளையும் விண்மீன் இரவையும் தேடி வருபவர்கள் இதன் முன் அதிக நேரம் நிற்பதில்லை. ஆய்வாளர்கள்கூட, புகழ்பெற்ற 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்துக்குப் பின் வந்த ஓர் இடைக்காலப் பயிற்சி என்ற அளவில் இதைக் கடந்துவிடுவதுண்டு. அந்தப் பார்வை போதாது என்பது இக்கட்டுரையின் வாதம். உழைத்து முதிர்ந்த ஒரு பெண்ணின் முகம், ஒரு வர்க்கத்துக்கான மாதிரி என்ற நிலையிலிருந்து தனி ஒருத்தியின் முகம் என்ற நிலைக்கு வான்கோவின் கையில் நகர்ந்த காலம் 1884 குளிர்காலத்துக்கும் 1885 டிசம்பருக்கும் இடைப்பட்ட ஓராண்டு. ஆன்ட்வெர்ப் மூதாட்டி அந்த நகர்வின் முனையில் நிற்கிறாள். அந்த ஓராண்டின் வரலாற்றை, அதற்கு முந்தைய மரபோடும் பின்னர் அந்த ஓவியங்களுக்கு நேர்ந்த கதியோடும் சேர்த்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1. முன்வரலாறு: யாருடைய முதுமை வரையப்பட்டது?

ஐரோப்பிய எண்ணெய்வண்ண ஓவியத்தில் வயதான பெண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உழைக்கும் வயதான பெண் அங்கே நுழைய ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஸ்பெயினில் 1618இல், இருபது வயதுகூட நிரம்பாத வெலாஸ்கெஸ் முட்டை சமைக்கும் ஒரு முதியவளை வரைந்தார். இப்போது எடின்பரோவில் உள்ள அந்த ஓவியத்தில் அவளது முகத்துக்குக் கிடைத்த அதே கவனம் மண்சட்டிக்கும் வெங்காயத்துக்கும் உலோகப் பாத்திரத்துக்கும் கிடைத்திருக்கிறது. சமையற்கட்டுக் காட்சி என்ற வகைக்குள்தான் அவளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது.

பதினேழாம் நூற்றாண்டு நெதர்லாந்தில் 'ட்ரோனி' என்றொரு வகை வளர்ந்தது. யாருடைய வேண்டுகோளுக்காகவும் வரையப்படாத, பெயர் தேவைப்படாத தலைகள் அவை. முதுமை, வீரம், வியப்பு, குடிமயக்கம் என ஏதோ ஒன்றைக் காட்ட அந்தத் தலைகள் பயன்பட்டன. ரெம்பிராண்ட் 1631இல் வரைந்த, நூல் வாசிக்கும் மூதாட்டி விவிலியத்தின் அன்னாளாகவும் பார்க்கப்படுகிறாள். அவருடைய மாணவர் நிகோலாஸ் மாஸ் 1656 அளவில் வரைந்த, உணவுக்கு முன் பிரார்த்திக்கும் மூதாட்டி இறைப்பற்றின் உருவமானாள். ஃபிரான்ஸ் ஹால்ஸின் 'மல்லே பாப்பே' தோளில் ஆந்தையும் கையில் மதுக்குவளையுமாகச் சிரிக்கிறாள். இவற்றில் முகங்கள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முகமும் தன்னைத் தாண்டிய ஏதோ ஒரு கருத்துக்கு ஊழியம் செய்கிறது.

பெயரோடு வரையப்பட்ட உழைக்கும் மூதாட்டியும் உண்டு. 1686இல் இங்கிலாந்தில் ஜான் ரைலி வரைந்த பிரிட்ஜெட் ஹோம்ஸ், அரண்மனை அறைகளைத் துப்புரவு செய்து வந்தவர். அப்போது அவருக்கு வயது 96. இரண்டு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில், அரச குடும்பத்தாரை வரையும் தோரணையிலேயே, கையில் துடைப்பத்தோடு அவர் நிறுத்தப்பட்டிருக்கிறார். திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் அரண்மனைச் சிறுவனை அவர் துடைப்பத்தால் மிரட்டுவதுபோல் காட்சி அமைந்திருக்கிறது. நான்கு மன்னர்களின் காலத்தில் பணியாற்றிய நீண்ட விசுவாசத்தால் அவருடைய பெயர் காப்பாற்றப்பட்டது. அந்தப் பெருமைக்குள் ஒரு வேடிக்கையும் கலந்திருக்கிறது. சாதாரணக் குடிசையில் வாழ்ந்த, எந்த மன்னருக்கும் சேவை செய்யாத ஒருத்திக்கு இப்படிப்பட்ட வாய்ப்பு வர வழியே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. பிரான்சில் மில்லே 1857இல் 'கதிர் பொறுக்குவோர்' ஓவியத்தில் வயலில் குனிந்த மூன்று பெண்களை, அதுவரை வரலாற்று நாயகர்களுக்கு மட்டுமே தரப்பட்ட கனத்தோடு வரைந்தார். ஆனால் அவர்களுடைய முகங்கள் நிழலில் இருக்கின்றன. உடலின் வளைவுதான் அங்கே பேசுகிறது. நெதர்லாந்தில் ஹேக் ஓவியக் குழுவைச் சேர்ந்த யோசெஃப் இஸ்ராயெல்ஸ் மீனவக் குடும்பங்களின் துயரத்தையும் அடுப்பருகே தனித்திருக்கும் முதியோரையும் வரைந்து புகழ்பெற்றார். வான்கோ இந்த இருவரையும் தம் ஆசான்களாகவே கருதினார்.

2. கரிக்கோலிலிருந்து எண்ணெய்வண்ணத்துக்கு

வான்கோ ஓவியத்துக்கு வந்த வழி வழக்கமானதல்ல. ஓவிய வணிக நிறுவனத்தில் வேலை, ஆசிரியப் பணி, புத்தகக் கடை ஆகியவற்றுக்குப் பிறகு பெல்ஜியத்தின் போரினாஜ் சுரங்கப் பகுதியில் 1879இல் மதபோதகராக இருந்தார். தம்மிடம் இருந்ததையெல்லாம் தொழிலாளர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்களைப் போலவே வாழ முயன்றதைத் திருச்சபை விரும்பவில்லை. அந்தப் பணி பறிபோன பிறகு, 1880இல், 27ஆம் வயதில் ஓவியராவதென்று முடிவெடுத்தார். உழைப்பவர்களோடு வாழ்ந்த அனுபவம் அவருக்கு முதலிலும், ஓவியம் அதற்குப் பின்னரும் வந்தன. அவருடைய தலைப்படங்களைப் புரிந்துகொள்ள இந்த வரிசை முக்கியமானது.

1881 இறுதியில் உறவினரான ஓவியர் அன்டோன் மோவ் அவருக்கு எண்ணெய்வண்ணத்தில் முதல் பாடங்களைக் கொடுத்தார். ஹேக் நகரில் தங்கியிருந்த 1882, 1883ஆம் ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் கோட்டோவியங்களையே வரைந்தார். முதியோர் இல்லத்தைச் சேர்ந்த அட்ரியானஸ் சௌடர்லாண்ட் என்ற முதியவர் திரும்பத் திரும்ப அவருக்கு அமர்ந்தார். தம்மோடு வாழ்ந்த சீன் ஹோர்னிக்கையும் அவருடைய தாயையும் வரைந்தார். இவர்கள் எல்லோருக்கும் கொடுத்த பணம், பாரிஸில் ஓவிய வணிகத்தில் இருந்த தம்பி தியோ மாதந்தோறும் அனுப்பிய தொகையிலிருந்து வந்தது.

இந்தக் காலத்தில் அவர் சேர்த்த இன்னொரு செல்வம், லண்டனில் வெளிவந்த 'தி கிராஃபிக்' என்ற படப் பத்திரிகையின் 1870 முதல் 1880 வரையிலான தொகுதிகள். அதில் 'மக்களின் தலைகள்' என்ற தலைப்பில் மரச்செதுக்கு அச்சுப் படங்கள் தொடராக வந்தன. சுரங்கத் தொழிலாளி, கடலோரக் காவலர் எனத் தொழிலுக்கு ஒரு முகம் என்பதே அத்தொடரின் ஏற்பாடு. ஹூபர்ட் ஹெர்கோமர், மேத்யூ ரிட்லி போன்றவர்கள் அதில் வரைந்தார்கள். மக்களுக்காக, மக்களைப் பற்றி, மலிவாகப் பரவும் ஓவியம் என்ற கனவை வான்கோவுக்குள் இந்தத் தொடர் விதைத்தது. கூடவே ஒரு சிக்கலையும் விட்டுச் சென்றது. தொழிலுக்கு ஒரு முகம் என்று வகுத்துவிட்டால், அந்த முகத்துக்கு உரியவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை.

3. நூனென் குளிர்காலம்

1883 டிசம்பரில் கையில் காசில்லாமல் பெற்றோரின் வீட்டுக்குத் திரும்பினார் வான்கோ. தந்தை தியோடோரஸ் அப்போது நெதர்லாந்தின் பிராபண்ட் பகுதியில் உள்ள நூனென் என்ற சிற்றூரில் புராட்டஸ்டன்ட் போதகராக இருந்தார். ஊரில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்கள். குடியானவர்களும் கைத்தறி நெசவாளர்களும் நிறைந்த ஊர். முதல் சில மாதங்கள் அவர் நெசவாளர்களை அவர்களுடைய தறிகளோடு வரைந்தார். அந்தப் படங்களில் தறிதான் பெரிது. மனிதர் அதன் சட்டத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்.

1884 இறுதியில் கவனம் முகங்களின் பக்கம் திரும்பியது. குளிர்காலத்துக்குள் 50 தலைகளை வரைந்துவிட வேண்டும் என்ற திட்டத்தைத் தியோவுக்கு எழுதினார். நிறைவேறியவை நாற்பதுக்கும் மேல். குளிரில் வெளியே நின்று நிலக்காட்சி வரைவது கடினம். வயல்வேலை குறைந்திருந்ததால் குடியானவர்களுக்கு ஓரளவு நேரமும், சிறு கூலிக்குத் தேவையும் இருந்தன. எண்ணெய்வண்ணத்தில் அவருக்குக் கை படியவும் வேண்டியிருந்தது. ஓவியரின் தேவையும் ஊராரின் வறுமையும் அந்தக் குளிர்காலத்தில் ஒன்றுசேர்ந்தன.

இந்தத் தலைப்படங்கள் பெரும்பாலும் 40 செ.மீ. உயரத்தை ஒட்டியவை. சிலவற்றின் உயரம் இன்னும் குறைவு. இந்தச் சிறு அளவு தற்செயலாக அமைந்ததல்ல. கேன்வாஸ் வாங்கக் காசு இல்லை. அமர்ந்தவரை நெடுநேரம் அமர்த்திவைக்கவும் காசு இல்லை. ஒரே அமர்வில், முந்தைய வண்ணம் காய்வதற்குள் அடுத்த வண்ணத்தை அதன்மேல் இட்டு முடிக்க வேண்டியிருந்தது. அகலமான தூரிகையின் ஒரே இழுப்பில் கன்னத்தின் எலும்பு, இன்னொரு இழுப்பில் தாடையின் நிழல் என்று வேலை நடந்திருக்கிறது. வேகமும் பற்றாக்குறையும் சேர்ந்து ஒரு நடையை உருவாக்கின. ஓவியக் கல்விக்கூடங்கள் கற்பித்த மென்மையான மெருகுக்கு இந்த அளவில், இந்த நேரத்தில் இடமே இல்லை.

அளவு சிறியதானதால் இன்னொரு விளைவும் ஏற்பட்டது. அடுப்பு, மேசை, கருவி, சன்னல் என்று சுற்றுப்புறத்தைக் காட்ட இடம் இல்லாமல் போனது. வெலாஸ்கெஸின் சட்டியோ ரைலியின் துடைப்பமோ இங்கே நுழைய முடியாது. தலை, தொப்பி, தோள், இருண்ட பின்புலம், அவ்வளவுதான். உழைப்பைச் சொல்ல வேண்டுமென்றால் அதை முகத்தின் தசையிலும் தோலிலும் மட்டுமே சொல்லியாக வேண்டும். முற்கால ஓவியர்கள் பொருள்களின் உதவியால் சொன்னதை வான்கோ முகத்தை மட்டும் கொண்டு சொல்லப் பழகினார். இது ஒரு பெரிய மாற்றத்தின் தொடக்கம்.

4. மாதிரி முகமும் தனி முகமும்

இருந்தாலும் நூனென் தலைகளைக் குற்றங்குறையற்ற கருணையின் வடிவங்களாக மட்டும் பார்ப்பது உண்மைக்கு ஒத்துவராது. எப்படிப்பட்ட முகங்களைத் தேடுகிறார் என்பதை வான்கோவே கடிதங்களில் சொல்லியிருக்கிறார். தட்டையான, முரட்டுத்தனமான முகங்கள், தாழ்ந்த நெற்றி, தடித்த உதடு என்று அவர் அடுக்குகிறார். மில்லேயின் குடியானவர்களை நினைவூட்டும் முகங்கள் அவருக்கு வேண்டியிருந்தன. முகத்தின் அமைப்பிலிருந்து மனிதரின் இயல்பையும் வர்க்கத்தையும் வாசிக்கலாம் என்ற நம்பிக்கை அந்த நூற்றாண்டில் பரவலாக இருந்தது. பத்திரிகைப் படங்களும் நாவல்களும் அதை வளர்த்தன. வான்கோவும் அதிலிருந்து தப்பவில்லை. அவர் ஊரில் கண்ட முகங்களையெல்லாம் வரையவில்லை. மனத்தில் இருந்த ஒரு குடியானவ உருவத்துக்குப் பொருந்திய முகங்களைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் தேர்ந்தெடுத்து அமர்த்திய பிறகு நிகழ்ந்தது வேறு. ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரையும்போது மாதிரி உருவம் தளர்ந்து ஆள் வெளியே வருகிறார். டெ குரோட் குடும்பத்தைச் சேர்ந்த கோர்டினா என்ற இளம்பெண் பல படங்களில் வருகிறார். வெள்ளைத் தொப்பியிலும் கருந்தொப்பியிலும், நேர் முகமாகவும் பக்கவாட்டிலும், விளக்கொளியிலும் சன்னலை முதுகுக்குப் பின் வைத்தும் அவர் வரையப்பட்டிருக்கிறார். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பவருக்குக் 'குடியானவப் பெண்' என்ற பொதுச்சொல் மெல்ல மெல்லப் போதாமல் போகிறது. உருண்டு திரண்ட கன்னமும் நேராகப் பார்க்கும் கண்ணும் ஒருத்திக்கே உரியவை என்பது தெரியத் தொடங்குகிறது.

முதிய பெண்களின் தலைகளில் இந்த இழுபறி இன்னும் கூர்மையாகிறது. இளம் முகத்தில் மாதிரி உருவத்தைத் தேடுவது எளிது. வயதான முகத்தை அவரவர் வாழ்க்கை வெவ்வேறு விதமாக மாற்றியிருக்கிறது. ஒருத்தியின் பல் விழுந்து உதடு உள்வாங்கியிருக்கும், இன்னொருத்தியின் இமை தொங்கியிருக்கும், மற்றொருத்தியின் தாடை இறுகியிருக்கும். எவ்வளவு வேகமாக வரைந்தாலும் தூரிகை இந்த வேறுபாடுகளைப் பின்தொடர்ந்தாக வேண்டும். வகைப்படுத்தும் நோக்கத்தோடு தொடங்கிய ஓவியரை முதிய முகங்கள் தனித்தனி ஆட்களின் பக்கம் இழுத்தன என்று சொல்வது பொருந்தும்.

5. மண்ணின் நிறம்

1885 ஏப்ரல், மே மாதங்களில் இந்தத் தலைகளெல்லாம் ஒரு பெரிய ஓவியத்தில் வந்து சேர்ந்தன. 82 செ.மீ. உயரமும் 114 செ.மீ. அகலமும் கொண்ட 'உருளைக்கிழங்கு உண்போர்' அது. தொங்கும் விளக்கின் அடியில் டெ குரோட் குடும்பத்தின் ஐந்து பேர். வலப்பக்கத்தில் கோப்பைகளில் காப்பி ஊற்றும் முதிய பெண் தலைகுனிந்து தன் வேலையில் இருக்கிறாள். நிலத்தைத் தோண்டிய அதே கைகளால் அந்த உணவை எடுத்து உண்கிறார்கள், அது அவர்கள் நேர்மையாகச் சம்பாதித்த உணவு என்பதைக் காட்டவே முயன்றதாக வான்கோ எழுதினார்.

இந்த ஓவியத்தின் வண்ணம் பற்றி அவர் தம்பிக்கு எழுதிய விளக்கங்கள் ஆய்வாளருக்குப் பொக்கிஷம். முதலில் முகங்களைத் தோலின் இயல்பான நிறத்தில் வரைந்து முடித்திருக்கிறார். பிறகு அது பொருந்தவில்லை என்று தோன்ற, எல்லா முகங்களையும் தயங்காமல் மறுபடி வரைந்தார். தோல் உரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறமே அவர் விரும்பிய நிறம். இன்னொரு நுட்பம் தொப்பியின் வெள்ளையில் இருக்கிறது. அந்த வெள்ளைத் துணி உண்மையில் வெள்ளை வண்ணத்தால் வரையப்படவில்லை. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் கலந்து கிடைத்த ஒருவகைச் சாம்பல் அது. தனியாகத் தட்டில் வைத்துப் பார்த்தால் அழுக்கு நிறம். சுற்றிலும் அதைவிட இருண்ட வண்ணங்கள் இருப்பதால் அது கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவாவின் வண்ணக் கோட்பாடு பற்றிய நூல்களை ஆழ்ந்து படித்து அவர் கற்றுக்கொண்ட பாடம் இது. நூனென் தலைகள் பலவற்றிலும் இதே முறையின் பயிற்சியைக் காணலாம்.

மண் நிறத்துக்கு ஒரு பொருள் உண்டு, ஒரு விலையும் உண்டு. உழைப்பவர் தாம் உழும் நிலத்தோடு ஒன்றாகிவிடுகிறார் என்பது அதன் பொருள். அந்த ஒன்றாதலில் தனி மனிதரின் நிறம் கரைந்துபோகிறது என்பது அதன் விலை. குளிர்காலம் முழுவதும் தலைகளில் அவர் தேடிச் சேர்த்த தனித்தன்மையைப் பெரிய ஓவியத்தில் ஒரே வண்ணத்தின்கீழ் கொண்டுவந்துவிட்டார். இதன் கல்லச்சுப் பிரதியைக் கண்ட நண்பர் அன்டோன் வான் ரப்பார்ட் உருவங்களின் அமைப்பைக் கடுமையாகக் குறைகூறினார். அந்த நட்பு முறிந்தது. ஓவியத்தின் கனத்தையும் நேர்மையையும் குறைத்து மதிப்பிடும் எண்ணம் இக்கட்டுரைக்கு இல்லை. ஆனால் சிறிய தலைப்படங்கள் அதற்கான படிக்கட்டுகள் மட்டுமே என்று கருதுவோர், பெரிய ஓவியத்தில் காணக்கிடைக்காத ஒன்று அவற்றில் இருப்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

6. மாடல்கள் அற்ற இலையுதிர்காலம்

1885 மார்ச் 26 அன்று தந்தை திடீரென இறந்தார். குடும்பத்தோடு உறவு கசந்து, ஏற்கெனவே ஓவியக்கூடமாக வாடகைக்கு எடுத்திருந்த கத்தோலிக்கக் கோவில்பணியாளரின் வீட்டு அறைகளிலேயே வான்கோ தங்கத் தொடங்கினார். அதே ஆண்டில் திருமணமாகாத கோர்டினா கருவுற்றார். ஊர் வான்கோவைச் சந்தேகித்தது. தமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அவர் தியோவுக்கு எழுதினார். ஆனால் உள்ளூர்க் கத்தோலிக்கப் பாதிரியார் அவருக்கு அமரக் கூடாது என்று மக்களைத் தடுத்தார். மறுப்பவர்களுக்குப் பணம் தருவதாகவும் சொன்னதாக வான்கோ எழுதுகிறார். இலையுதிர்காலம் வந்தபோது அமர ஆளில்லை. உருளைக்கிழங்குக் கூடைகளையும் பறவைக்கூடுகளையும் வரைந்தார்.

ஓவியருக்கும் அமர்பவருக்கும் இடையிலான உறவு எவ்வளவு பலவீனமான தளத்தில் நின்றது என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. அந்தப் பெண்கள் தங்கள் முகத்தைக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு சிறு கூலி பெற்றார்கள். அதன் விளைவாக ஊரின் பேச்சுக்கும் கோவிலின் கண்டிப்புக்கும் ஆளானவர்கள் அவர்கள்தான். வான்கோ ஊரை விட்டுப் போக முடிந்தது. அவர்களால் முடியவில்லை.

அக்டோபரில் அவர் ஆம்ஸ்டர்டாம் சென்று, சில மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்டிருந்த ரிக்ஸ் அருங்காட்சியகத்தைப் பார்த்தார். ஃபிரான்ஸ் ஹால்ஸின் கறுப்பில் இருபத்தேழு கறுப்புகள் உண்டு என்று வியந்தார். ரெம்பிராண்டின் 'யூத மணமகள்' முன் மெய்மறந்து நின்றார். கைகளும் முகங்களும் நுணுக்கமாக முடிக்கப்படாமல், ஒரே மூச்சில் இடப்பட்ட வண்ணத்தால் உயிரோடு இருப்பதைக் கண்டார். வறுமையால் நூனெனில் தாம் வளர்த்த வேகமான முறைக்குப் பழைய ஆசான்களிடமே சான்று கிடைத்தது. அந்த ஆசான்களின் முகங்களில் மண்ணின் நிறம் இல்லை என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

7. ஆன்ட்வெர்ப் மூதாட்டி

1885 நவம்பர் இறுதியில் வான்கோ ஆன்ட்வெர்ப் போய்ச் சேர்ந்தார். ஒரு வண்ணக் கடையின் மேல் சிறு அறையை வாடகைக்கு எடுத்துச் சுவரில் ஜப்பானிய அச்சுப் படங்களை ஒட்டினார். ரூபன்ஸின் ஓவியங்களில் தோலுக்குள் ஓடும் சிவப்பைக் கண்டார். கருஞ்சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை ஆகிய தெளிவான வண்ணங்களை வாங்கத் தொடங்கினார். கிடைத்த பணத்தில் பெரும்பகுதி அமர்பவர்களுக்கும் வண்ணத்துக்கும் போனது. மே மாதத்திலிருந்து ஆறேழு முறைதான் சூடான உணவு உண்டதாக 1886 தொடக்கத்தில் எழுதினார். பற்கள் உடைந்து விழுந்தன.

இந்த நகரத்தில் அவருடைய நோக்கம் மாறியது. நூனெனில் குடியானவர் என்ற வகையைத் தேடியவர், இங்கே உருவப்படம் வரைபவராக வாழ முடியுமா என்று பார்த்தார். மாதா கோவில்களை வரைவதைவிட மனிதர்களின் கண்களை வரைவதே தமக்கு விருப்பம், அந்தக் கண்களில் கோவிலில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அந்த டிசம்பரில் எழுதினார். பிச்சைக்காரனானாலும் தெருப்பெண்ணானாலும் மனித உள்ளமே தமக்கு ஈர்ப்புடையது என்பது அதே கடிதத்தின் கருத்து.

அந்த டிசம்பரில் உருவானவர்தான் நம் மூதாட்டி. நூனென் தலைகளிலிருந்து வந்த பழக்கங்கள் எல்லாம் இவரிடம் இருக்கின்றன: சிறிய அளவு, வெறும் பின்புலம், வெள்ளைத் தொப்பி, ஒரே அமர்வின் வேகம். மாறியவை மூன்று. முதலாவது, தோல் மண்ணின் நிறத்தில் மூழ்கவில்லை. அதற்குச் சதையின் நிறம் திரும்பக் கிடைத்திருக்கிறது. இரண்டாவது, முன்கூட்டியே மனத்தில் வைத்திருந்த மில்லே வகை முகத்துக்கு இவர் அடங்கவில்லை. வரையப்பட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட வயதும் ஒரு குறிப்பிட்ட சோர்வும் கொண்ட முகம். மூன்றாவது, இவர் எந்தப் பெரிய ஓவியத்துக்கும் முன்தயாரிப்பு அல்ல. இவரை இன்னொரு கூட்டத்தில், இன்னொரு விளக்கின் கீழ் அமர்த்தும் திட்டம் எதுவும் இல்லை. இந்த முகத்தோடு ஓவியம் நிறைவடைந்துவிடுகிறது.

'மருத்துவச்சி' என்ற பெயரை இந்த இடத்தில் கருத வேண்டும். ஓவியத்துக்குள் அந்தத் தொழிலின் அடையாளம் எதுவும் இல்லை. பையோ கருவியோ குழந்தையோ இல்லை. தொழிற்பெயரை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்த ஓவியம் எதையும் இழப்பதில்லை. 'தி கிராஃபிக்' படங்களோடு ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும். அங்கே தொழிலின் பெயரை எடுத்துவிட்டால் படத்தின் நோக்கமே போய்விடும். தொழில் அடையாளம் இல்லாமலேயே, தன் முகத்தின் பலத்தில், ஓர் உழைக்கும் மூதாட்டி ஓவியத்தின் முழுப் பொருளாக முடிந்தது என்பதே ஆன்ட்வெர்ப் படத்தின் வரலாற்று முக்கியத்துவம்.

8. படங்கள் பட்ட பாடு

1886 பிப்ரவரி இறுதியில் வான்கோ பாரிஸ் சென்றார். ஆன்ட்வெர்ப் மூதாட்டி தியோவின் குடும்பச் சேகரிப்பில் நிலைத்தார். தியோவின் மனைவி யோ வான்கோ-போங்கர் காத்து வளர்த்த அந்தச் சேகரிப்பிலிருந்தே 1973இல் திறக்கப்பட்ட ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் உருவானது.

நூனெனில் விடப்பட்ட படங்களுக்கு அந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. தாய் 1886இல் பிரேடா நகருக்குக் குடிபெயர்ந்தபோது அவை பெட்டிகளில் அங்கே போயின. அங்கே ஒரு தச்சரிடம் ஒப்படைக்கப்பட்டு, பிறகு யாரும் கேட்காமல் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை பழைய சாமான் வியாபாரி ஒருவரின் கைக்குப் போய், சில்லறைக் காசுக்குத் தள்ளுவண்டியில் விற்கப்பட்டன. சில அழிந்தும் போயின. பாரிஸுக்கு வந்து சேர்ந்தவையும் முழுதாகத் தப்பவில்லை. கேன்வாஸ் வாங்கக் காசில்லாத வான்கோ, நூனென் படங்களின் பின்பக்கத்தில் 1887இல் தம் சுயஉருவப்படங்களை வரைந்தார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள வைக்கோல் தொப்பி அணிந்த சுயஉருவப்படத்தின் மறுபக்கத்தில் 1885இல் வரையப்பட்ட, உருளைக்கிழங்கு தோல் சீவும் பெண் அமர்ந்திருக்கிறாள். எடின்பரோவில் உள்ள குடியானவப் பெண் தலையின் பின்புறத்தில், அட்டைக்கும் பசைக்கும் அடியில் மறைந்திருந்த ஒரு சுயஉருவப்படம் எக்ஸ்ரே வழியாகக் கண்டறியப்பட்டதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. உலகச் செய்திகள் ஓவியரின் மறைந்திருந்த முகத்தைக் கொண்டாடின. அதற்கு முன்பக்கத்தில் அந்த முகத்தைவிடப் பழைய முகம் ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டபடியே இருந்தது பற்றிப் பேசியவர்கள் குறைவு.

முடிவுரை

ஆன்ட்வெர்ப் படத்தில் தெரியும் மாற்றம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1888 ஆகஸ்டில் பிரான்சின் ஆர்ல் நகரில், காமார்க் பகுதியில் மாடு மேய்த்து வந்து தோட்டக்காரராகிவிட்ட ஒரு முதியவரை வான்கோ வரைந்தார். பேஷியன்ஸ் எஸ்கலியே என்ற அவருடைய பெயரைக் கடிதத்தில் குறித்தார். 'உருளைக்கிழங்கு உண்போர்' காலத்து முயற்சியின் தொடர்ச்சியாகவே அந்தப் படத்தைக் கருதினார். இப்போது நிறங்கள் ஆரஞ்சும் நீலமுமாக எரிகின்றன. மண் நிறம் எங்கும் இல்லை. அஞ்சல் பணியாளர் ரூலினின் மனைவி ஒகுஸ்தினைத் தாலாட்டும் தாயாக ஐந்து முறை வரைந்தார். உழைக்கும் மக்கள் பெயரோடும் தமக்கே உரிய நிறத்தோடும் உருவப்படம் பெறத் தகுதியானவர்கள் என்ற உறுதி அந்தப் படங்களில் முழுமை பெறுகிறது. அந்த உறுதிக்கான தொழில்நுட்பமும் மனநிலையும் 1885ஆம் ஆண்டின் சிறு கேன்வாஸ்களில் உருவானவை.

ஆகவே மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, நூனென், ஆன்ட்வெர்ப் தலைப்படங்களை ஒரு பெரிய ஓவியத்தின் துணைப்பொருளாக அன்றி, தமக்கே உரிய வளர்ச்சி கொண்ட ஒரு தொடராக ஆராய வேண்டும். இரண்டு, அவற்றின் சிறு அளவும் வேகமும் வறுமையால் விளைந்தவை. ஆனால் அந்த வறுமையே பொருள்களையும் கதையையும் விலக்கி, முதிய முகத்தைத் தனித்து நிற்கச் செய்தது. மூன்று, இந்தப் படங்களை இன்றுவரை 'குடியானவப் பெண்', 'மூதாட்டி' என்ற பொதுச்சொற்களால் அழைக்கும் பட்டியல்கள், வான்கோ 1884இல் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. கோர்டினா டெ குரோட்டின் பெயர் ஊர்ப் பதிவேடுகளாலும் கடிதங்களாலும் மீட்கப்பட்டது. அவருக்கு அருகில் அமர்ந்த மற்றவர்களுக்காகவும் அதே உழைப்பைச் செலவிடுவது ஓவிய வரலாற்றாளரின் கடமை. ஓவியரின் ஒவ்வொரு நாளையும் கணக்கெடுத்து வைத்திருக்கும் ஆய்வுலகம், அவருக்காகக் குளிர்காலப் பகல்களை ஒதுக்கி அமர்ந்த பெண்களின் வாழ்க்கைக்கும் அந்த அக்கறையில் ஒரு பங்கைத் தரக் கடமைப்பட்டிருக்கிறது.